தருமபுரியில் தோட்டம் போட்ட துரை

சென்னை தீவுத்திடல் பக்கம் போனவர்கள் அந்தச் சிலையைப் பார்த்திருப்பார்கள்.

குதிரை மேல் ஒரு வெள்ளைக்காரர் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார். குதிரைக்குச் சேணம் இல்லை. கால் வைக்க அங்கவடியும் இல்லை. "சிற்பி மறந்துவிட்டாரா?" என்று பார்ப்பவர்கள் இன்றும் கேட்கிறார்கள்.

அவர்தான் சர் தாமஸ் மன்றோ. சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர்.

கவர்னர் மன்றோவைப் பலருக்குத் தெரியும். ஆனால் தருமபுரியில் தோட்டம் போட்டு, மரம் செடிகளோடு பொழுது போக்கிய மன்றோவைச் சிலருக்குத்தான் தெரியும்.

கவர்னர் ஆவதற்கு 20 ஆண்டுகளுக்கு மேல் முன்னால் நடந்த கதை அது.

தலையணை இல்லாத இளைஞன்

மன்றோ பிறந்தது ஸ்காட்லாந்து நாட்டில், கிளாஸ்கோ நகரில். 1761-ம் ஆண்டு மே மாதம் 27-ந் தேதி பிறந்தார்.

தகப்பனார் வியாபாரி. அமெரிக்காவில் இருந்து புகையிலை வரவழைத்து விற்றார். நல்ல செல்வாக்கோடு வாழ்ந்த குடும்பம். அமெரிக்காவில் சுதந்திரப் போர் மூண்டது. வியாபாரம் படுத்தது. குடும்பம் நொடித்தது.

பையன் பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறினான். கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து, 1780-ம் ஆண்டு ஜனவரி மாதம் சென்னையில் வந்து இறங்கினான். அப்போது வயது 18.

"வெள்ளைக்காரன் என்றாலே பட்டு மெத்தை, பல்லக்கு" என்று நாம் நினைக்கிறோம். இந்தப் பையன் பட்ட பாடு வேறு.

சில ஆண்டுகள் கழித்துத் தன் சகோதரிக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியாவுக்கு வந்த பிறகுதான் பசி என்றால் என்ன, வறுமை என்றால் என்ன என்று தெரிந்துகொண்டதாக அதில் சொல்லியிருக்கிறார். மூன்று ஆண்டுகள் அவருக்குத் தலையணையே கிடையாது. புத்தகத்தையோ, தோட்டாப் பையையோ தலைக்கு வைத்துப் படுத்தார். நாலு கட்டையில் இழுத்துக் கட்டிய கித்தான்தான் கட்டில்.

குளிர் வந்தால்? ஊரில் இருந்து கொண்டு வந்த பெரிய கோட்டு ஒன்று இருந்தது. அதன் கைகளுக்குள் கால்களை நுழைத்துக்கொள்வார். கோட்டு, கம்பளியாகிவிடும்!

இந்த நிலையிலும் பெற்றோரை அவர் மறக்கவில்லை. அவரும் அவருடைய சகோதரரும் தங்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வீட்டுக்குப் பணம் அனுப்பினார்கள்.

இன்று தருமபுரி மாவட்டத்தில் எத்தனையோ பிள்ளைகள் பெங்களூருக்கும், திருப்பூருக்கும், கடல் கடந்த நாடுகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். மாதம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். அவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

பாரமகால்

1792-ம் ஆண்டு மார்ச் மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. போரில் தோற்ற திப்பு சுல்தான் தன் ராஜ்யத்தில் பாதியைக் கொடுக்க வேண்டி வந்தது. அதில் பாரமகாலும், சேலம் சீமையும் கம்பெனியார் கைக்கு வந்தன.

இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் அந்தப் பாரமகாலைச் சேர்ந்தவை. "பாரா" என்றால் இந்துஸ்தானியில் பன்னிரண்டு. பன்னிரண்டு கோட்டைகள் கொண்ட சீமை என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள்.

புதிய சீமையை நிர்வகிக்க ஆள் வேண்டுமே! அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்தவர் காரன்வாலிஸ் பிரபு. சென்னையில் இருந்த சிவில் அதிகாரிகளுக்கு மக்களின் மொழியும் வழக்கமும் தெரியவில்லை என்பது அவருடைய குறை. எனவே ராணுவத்தில் இருந்தே ஆட்களைப் பொறுக்கினார். அலெக்சாண்டர் ரீடு என்பவர் கலெக்டர் ஆனார். அவருக்கு உதவியாக மூன்று பேர். அந்த மூவரில் ஒருவர் மன்றோ. சீமையின் நடுப்பகுதி அவர் பொறுப்பு. இருப்பிடம் தருமபுரி.

அப்போது அவருக்கு வயது 30. தருமபுரியோடு அவருக்கு ஏற்பட்ட உறவு சுமார் ஏழு ஆண்டுகள் நீடித்தது.

கூடாரத்தைச் சுற்றிலும் கூட்டம்

அக்கம்பக்கத்தார் யார் என்று கேட்டால், சீமை முழுவதுமே அவருக்கு அக்கம்பக்கம்தான்!

வருஷத்தில் பல மாதங்கள் அவர் ஊர் ஊராகப் போனார். கூடாரம் அடித்துத் தங்குவார். யார் எவ்வளவு நிலம் பயிர் செய்கிறார், எவ்வளவு வரி கட்ட முடியும் என்று விசாரிப்பார். வயல் வயலாக நிலத்தை அளக்கும் வேலையும் நடந்தது.

காலை ஏழு மணிக்கே கூட்டம் கூடிவிடும். கர்ணம் வருவார். மணியக்காரர் வருவார். குடியானவர்கள் சாரி சாரியாக வருவார்கள். மத்தியானம் ஆனாலும் கூட்டம் கலையாது. தனக்கென்று ஒரு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை என்று அவர் வீட்டுக்கு எழுதினார். அந்தக் கடிதத்தை எழுதும்போதே சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்களாம்!

என்ன பேச்சு?

ஒருவர் 30 ஆண்டுகளுக்கு முன் தன் தகப்பனார் பட்ட கடனைப் பற்றிச் சொல்கிறார். இன்னொருவர், சண்டைக் காலத்தில் தான் ஊரில் இல்லாதபோது தன் சொத்தைச் சகோதரன் கரைத்துவிட்டான் என்று முறையிடுகிறார்.

மூன்றாவது ஆள் சொன்னதுதான் மறக்க முடியாதது.

"இந்த வருஷம் வழக்கமான வரியைக் கட்ட என்னால் முடியாது. என் மனைவி இறந்துவிட்டாள். என்னிடம் உள்ள நல்ல மாட்டைவிட அவள் அதிகம் உழைப்பாள்" என்ற கருத்தில் அவர் முறையிட்டாராம்.

கேட்டதும் சிரிப்பு வரலாம். சற்று யோசித்தால் நெஞ்சு கனக்கும்.

களை எடுத்தவள் அவள். நாற்று நட்டவள் அவள். ராகி அரைத்துக் களி கிண்டியவளும் அவள். அவள் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை. அவள் போன பிறகுதான் குடும்பத்தின் வரவு செலவில் அவள் எவ்வளவு பெரியவள் என்று தெரிந்தது. வரி வாங்க வந்த அதிகாரியின் காதில் அது விழுந்தது. அவர் எழுதி வைத்தார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் பெயர் தெரியாத அந்தத் தருமபுரிச் சீமைப் பெண் அந்தக் கடிதத்தில் வாழ்கிறாள்.

மண்ணோடு ஒரு மணி நேரம்

இவ்வளவு கூச்சலுக்கும் நடுவில் மன்றோவுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. அதுதான் தருமபுரித் தோட்டம்.

சுற்றுப்பயணம் முடிந்து தருமபுரிக்கு வந்தால் தோட்டத்துக்குப் போய்விடுவார். பழ மரங்களைப் பார்ப்பார். அவற்றைப் பற்றி ஊருக்குக் கடிதம் எழுதுவார். கிளாஸ்கோவுக்கு வெளியே கெல்வின் ஆற்றின் அருகில் அவருடைய பெற்றோர் வசித்த வீடு இருந்தது. "நார்த்சைடு" என்று பெயர். சிறு வயதில் ஆற்றங்கரையில் சுற்றிய அந்த நினைவு அவரை விட்டுப் போகவே இல்லை. அந்நிய மண்ணில் தனக்கென ஒரு தோட்டம் அமைந்ததும், அது அவருக்கு இரண்டாவது வீடாகிவிட்டது.

தருமபுரியில் தோட்டம் போடுவது என்ன, சுலபமான வேலையா?

காவிரி ஒகேனக்கல்லில் பாறைகளுக்கு நடுவே ஆழத்தில் ஓடுகிறது. மேட்டு நிலத்துக்கு அந்தத் தண்ணீர் தானாக ஏறி வராது. வானத்தையும் கிணற்றையும் ஏரியையும் நம்பிய சீமை இது. அந்தக் காலத்தில் மின்சார மோட்டார் ஏது? கிணற்றில் கவலை கட்டி, மாடுகளை முன்னும் பின்னும் ஓட்டித் தண்ணீர் இறைக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஒரு வாரம் தண்ணீர் தவறினால் இளங்கன்று கருகிவிடும். வேலி போடாவிட்டால் ஆடு மேய்ந்துவிடும்.

ஆனாலும் பிழைத்த மரம் கைவிடாது. இன்றும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மாம்பழத்துக்குத் தனி மதிப்பு உண்டு. புளியும் இந்த மண்ணுக்கு உகந்த மரம்.

பழ மரத்துக்கும் இந்த ஊருக்கும் பழைய சொந்தமும் உண்டு. தருமபுரியின் பழைய பெயர் தகடூர். தகடூரை ஆண்ட அதியமான்தான், கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தவன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை இது.

யாருக்குப் பழம்?

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது.

ராகி விதைத்தால் சில மாதங்களில் அறுக்கலாம். மாங்கன்று வைத்தால் காய்க்க நாலைந்து வருஷம் காத்திருக்க வேண்டும். புளியங்கன்று என்றால் அதைவிட நீண்ட காலம் பொறுக்க வேண்டும். கிணறு வெட்டினால் போட்ட பணம் திரும்பப் பல வெள்ளாமை எடுக்க வேண்டும்.

"அடுத்த வருஷம் இந்த நிலம் என்னிடம் இருக்குமா?" என்ற பயம் இருந்தால் யார் மரம் வைப்பார்கள்? "கிணறு வெட்டினால் வரியை ஏற்றிவிடுவார்களோ?" என்ற சந்தேகம் இருந்தால் யார் கிணறு வெட்டுவார்கள்?

அந்தக் காலத்தில் பல சீமைகளில் வரி வசூலைக் குத்தகைக்கு விட்டார்கள். ஊரைக் குத்தகை எடுத்தவர் போட்ட பணத்துக்கு மேல் கறக்கப் பார்ப்பார். குடியானவர் பாடு திண்டாட்டம்தான்.

ரீடும் மன்றோவும் இந்தச் சீமையில் வேறு வழியைப் பரீட்சை செய்தார்கள். நிலத்தை அளப்பது. ஒவ்வொரு வயலுக்கும் இவ்வளவு வரி என்று குறிப்பது. நடுவில் குத்தகைக்காரர் இல்லாமல், பயிர் செய்கிறவரிடமே சர்க்கார் நேராகக் கணக்கு வைத்துக்கொள்வது. சொந்தச் செலவில் நிலத்தைத் திருத்தி, கிணறு வெட்டி, மரம் வைத்தால் அதன் பலன் குடியானவருக்கே என்று 1796-ம் ஆண்டு ரீடு அறிவித்தார்.

இதுதான் பின்னால் "ரயத்துவாரி முறை" என்று பெயர் பெற்றது. "ரயத்து" என்றால் குடியானவர். இன்று நம் வீட்டு இரும்புப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறோமே பட்டா, அதன் வேர்களில் ஒன்று இந்த வறண்ட சீமையில் ஓடுகிறது.

பிரிவு

1799-ம் ஆண்டு திப்பு சுல்தானோடு மறுபடியும் போர் மூண்டது. மன்றோ படையோடு புறப்பட்டார். போர் முடிந்ததும் அவரைக் கன்னடக் கடற்கரைச் சீமைக்குப் போகச் சொன்னார்கள்.

பதவி பெரிது. ஆனால் அவருக்கு மகிழ்ச்சி இல்லை. பழகிய ஊரையும், ஆசையாக வளர்த்த தோட்டத்தையும் விட்டுப் பிரிய மனம் வரவில்லை. அந்த வருத்தத்தை ஊருக்கு எழுதிய கடிதத்தில் அவர் மறைக்கவில்லை.

நட்ட மரத்தின் நிழலில் உட்கார நட்டவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. வரிக் கணக்குக்காக எத்தனையோ குடியானவர்களின் நிலத்தை அளந்தவர், மேலிடத்து உத்தரவு ஒன்றினால் தன் தோட்டத்தை இழந்தார்.

அவர் போன பிறகு குடியானவர்களுக்கும் ஒரு சோதனை வந்தது. வங்காளத்தில் செய்தது போல இங்கேயும் ஜமீன் முறை வர வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்தது. 1802-ம் ஆண்டு அதற்குச் சட்டம் வந்தது. சேலம் சீமையில் கிராமங்களை "மிட்டா" என்று பிரித்து விற்றார்கள். வாங்கியவர் மிட்டாதார். வயல் வயலாக அளந்து, பயிர் செய்கிறவரோடு நேராகப் பேசி முடித்த ஏற்பாடு என்ன ஆயிற்று? நடுவில் மறுபடியும் ஓர் ஆள் வந்துவிட்டார்!

அந்த ஏற்பாடு பல இடங்களில் தோற்றது. சர்க்காருக்குக் கட்ட வேண்டிய பணத்தைக் கட்ட முடியாமல் பல மிட்டாதார்கள் நொடித்தார்கள். பல மிட்டாக்கள் சர்க்காரிடமே திரும்பி வந்தன. மிஞ்சியவை சுதந்திர இந்தியாவில்தான் முடிவுக்கு வந்தன. 1948-ம் ஆண்டு சென்னை மாகாண ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன் நிலங்களை ரயத்துவாரியாக மாற்றும் சட்டம் என்பதை அதன் பெயரே சொல்கிறது.

வரி குறைக்கச் சொன்ன வரி அதிகாரி

மன்றோவைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. அவர் கம்பெனியின் ஆள். வரி வசூலிக்க வந்தவர். வாங்கிய பணம் கம்பெனியின் கஜானாவுக்குத்தான் போனது. ரயத்துவாரி முறையிலும் வரிச்சுமை கடுமையாகத்தான் இருந்தது. வரி கேட்டுக் குடியானவர்களை அடித்துத் துன்புறுத்தினார்கள் என்ற புகாரை விசாரிக்க 1854-ம் ஆண்டு சென்னையில் ஒரு கமிஷன் உட்கார்ந்தது. அந்தப் புகார் உண்மை என்று கமிஷனே சொன்னது. இதையும் நாம் மறக்கக் கூடாது.

ஆனால் கூடார வாசலில் கேட்ட முறையீடுகள் மன்றோவின் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தன என்று நினைக்க இடம் உண்டு.

1800-ம் ஆண்டு முதல் 1807-ம் ஆண்டு வரை அவர் பல்லாரி, கடப்பை, அனந்தப்பூர் பகுதிகளில் கலெக்டராக இருந்தார். வேலையை விட்டு ஊருக்குப் புறப்படும் சமயத்தில் ஒரு யோசனை எழுதி வைத்தார். "விளைச்சலில் நூற்றுக்கு 45 பங்கு வரியாகப் போகிறது. இது அதிகம். மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும்" என்பது அதன் சாரம். வரியில் நாலில் ஒரு பாகத்தைத் தள்ள வேண்டும், கிணற்றுப் பாசன நிலத்துக்கு அதற்கு மேலும் தள்ள வேண்டும் என்றார்.

கிணற்று நிலத்துக்கு ஏன் தனிச் சலுகை? தண்ணீர் இறைத்துத் தோட்டம் வளர்ப்பதில் உள்ள சிரமம் அவர் கண்ணால் கண்டது அல்லவா!

மேலிடம் உடனே ஒப்பவில்லை. 1820-ம் ஆண்டு அவரே சென்னைக்குக் கவர்னராக வந்த பிறகுதான் வரிக் குறைப்புக்கும் ரயத்துவாரிக்கும் வழி பிறந்தது.

கிணறும் தோப்பும்

கவர்னர் ஆன பிறகும் தோட்ட ஆசை அவரை விடவில்லை. அவர் காலத்தில்தான் கிண்டி மாளிகை கவர்னர்களின் இருப்பிடமாகச் சேர்ந்தது. 1826-ம் ஆண்டு, உடல்நலம் குன்றிய குழந்தையோடு மனைவி இங்கிலாந்துக்குப் போக நேர்ந்தது. கிண்டித் தோட்டத்தில் தனியாக உலாவிய மன்றோ, அந்தத் தோட்டத்தைப் பற்றியே மனைவிக்குக் கடிதம் எழுதினார்.

அவரும் ஊருக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்கியது. போவதற்கு முன், தான் கலெக்டராக இருந்த சீமை மக்களை ஒருமுறை பார்த்துவிட்டு வரப் புறப்பட்டார். வழியில் காலரா கண்டது. 1827-ம் ஆண்டு ஜூலை மாதம் 6-ந் தேதி, இன்றைய ஆந்திராவில் உள்ள பத்திகொண்டாவில் உயிர் நீத்தார். இளம் வயதில் விட்டு வந்த நாட்டுக்கு அவர் நிலையாகத் திரும்பவே இல்லை.

சென்னையில் அவருக்கு வெண்கலச் சிலை எழுந்தது. ஆனால் அவர் உயிர் விட்ட ஊரில் வைத்த ஞாபகச் சின்னம் என்ன தெரியுமா?

ஒரு கிணறு! அதோடு ஒரு மரத்தோப்பு!

வழிப்போக்கர் தாகம் தீர்க்கத் தண்ணீர். இளைப்பாற நிழல். தருமபுரியில் தோட்டத்தைப் பறிகொடுத்தவருக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் வேறு இருக்க முடியாது.

நாம் அறிய வேண்டியது

தருமபுரி தனி மாவட்டம் ஆனது 1965-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி. 2004-ம் ஆண்டு கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது. அரசர்கள் போனார்கள். கம்பெனி போனது. மிட்டாக்கள் போயின. எல்லைகள் மாறின.

மாறாதது ஒன்று உண்டு. மழை குறைந்த இந்த மண்ணில் ஒரு கன்றை நட்டுக் காப்பாற்ற வேண்டுமானால், "இதன் பலன் என் குடும்பத்துக்கு" என்ற நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கைதான் முதல் உரம். தண்ணீரும் எருவும் அதற்குப் பிறகுதான்.

உங்கள் வீட்டுப் பட்டாவை ஒருநாள் எடுத்துப் பாருங்கள். சர்வே எண், பரப்பளவு, பெயர் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வயலில் பாதி வேலை செய்யும் வீட்டுப் பெண்ணின் பெயரும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். "நல்ல மாட்டைவிட அதிகம் உழைத்தாள்" என்ற புகழ் அவள் போன பிறகு வந்து என்ன பயன்? அவள் இருக்கும்போதே அவள் பெயரில் நாலு மரமாவது இருக்கட்டும்!